இபலோயில் கேட்டால் சைக்கிள்

வளைகுடாவில், முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு காரேஜ். என் காரின் உடைந்த சைலன்சரை வெல்டிங் செய்துகொண்டிருக்கிறார் ரோமெல், பிலிப்பைன்ஸ்காரர். அவருடைய போனுக்கு ஒரு குரல் செய்தி வருகிறது. சிறுமியின் குரல். கேட்டுவிட்டு, பதில் அனுப்பாமல் வைத்துவிடுகிறார். இன்னொன்றும் வருகிறது. அதற்கும் பதில் இல்லை.

"யாரு, பொண்ணா?" என்கிறேன்.

இந்தியும் ஆங்கிலமும் கலந்து சொல்கிறார். "ஆமா பாய். சைக்கிள் கேக்குறா. ஆனா தகாலோக்ல கேக்குறா. அந்த பாஷை டிவியிலயும் ஸ்கூல்லயும் கிடைக்குது. எங்க மலையில பேசுறது இபலோய். அதுல கேட்டாத்தான் பதில். இல்லன்னா மாஃபி, ஒண்ணும் கிடையாது."

"அழுதா?"

"இபலோய்ல அழட்டும்."

மூன்றாவது செய்தி வருகிறது. இம்முறை அந்தக் குரல் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசுகிறது. ரோமெல் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சிரித்த முகத்தோடு நெடுநேரம் பதில் சொல்கிறார். நான் அவசரப்படுத்தவில்லை.

வண்டி தயாராகும்போது, பஹ்ரைனில் ஈசா டவுனில் இருக்கும் என் மகனிடமிருந்து எனக்கும் ஒரு குரல் செய்தி. "அப்பா" என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். முழுவதும் கேட்கிறேன். பதில் அனுப்பாமல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.