சாவகத்து இளவரசி

கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க அதில் சிட்டிகை மயில்துத்தம் கலந்தால் எழும் வாடை இன்றைக்கும் எங்கேனும் மூக்கில் பட்டால், என் கண்முன் உடனே ஒரு சோழ நாட்டுச் சேனாபதி குதிரையில் வந்து நிற்பான். கெலிஓயாவில், கம்பளை வீதியை ஒட்டி இருந்த எங்கள் வாடகை வீட்டில், இந்தியப் பத்திரிகைகளில் வந்த சரித்திரத் தொடர்கதைகளை அம்மா பக்கம் பக்கமாகக் கிழித்தெடுத்து, சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்து, அந்தப் பசையில் மட்டை ஒட்டி "பைண்டு" பண்ணுவார். கண்டியில் அப்பா வேலை பார்த்த புடவைக் கடை முதலாளியின் வீட்டில் எல்லோரும் படித்து முடித்த பிறகே பத்திரிகைகள் எங்களிடம் வரும் என்பதால், போர்க்களத்தின் நடுவே சாம்பார்க் கறையும் அந்தப்புரத்தில் யாரோ குழந்தை கிறுக்கிய பென்சில் கோடும் இருக்கும். எங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டேயில்லை.

ஒரே கதையை ஒரே வீட்டில் படித்தாலும், நாங்கள் படித்தது ஒரே கதையைத்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அப்பாவுக்குக் கோட்டை வேண்டும், அகழி வேண்டும், சுரங்கப்பாதை கட்டாயம் வேண்டும். நந்தவனத்தில் நிலவு எழும்பினால் போதும், விரலை எச்சில் தொட்டு நான்கைந்து பக்கங்களை ஒரேயடியாகத் தள்ளிவிடுவார். "இவன் இப்பிடி நிலாவப் பார்த்துக்கிட்டே இருந்தா எதிரி கோட்டைக்குள்ளயே வந்துருவான்" என்பார். அம்மாவுக்குக் காதலில் குறை இல்லை, கதாநாயகியில்தான் குறை. "மொத அத்தியாயத்துல புலிய வெரட்டுனவ, இவனக் கண்டதுலருந்து மான்குட்டியப் பார்த்தாலும் மயங்கி விழுறா" என்று அலுத்துக்கொள்வார். எனக்கோ மாறுவேடம் என்றால் உயிர். எட்டு வயதுப் பிள்ளையான எனக்கே அந்தச் சாமியார் யாரென்று தெரிந்திருக்க, அத்தனை ஒற்றர்களை வைத்திருக்கும் அரசனுக்கு மட்டும் தெரியாமல் போவதில் ஒரு தனி சந்தோஷம் இருந்தது. இத்தனை முறைப்பாடு சொல்லியும் யாரும் ஒரு கிழமையைக்கூடத் தவறவிட்டதில்லை. குறை சொல்வதும் அந்த ருசியில் ஒரு பங்கு என்றே நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இல்லாத ஒரு வாசகியும் எங்களுக்கு இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மெனிக்கே என்ற சிங்களப் பெண்மணி. தமிழர் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவரின் மகள் என்பதால் தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அம்மா அவரை "அக்கே" என்பார், அவர் அம்மாவைத் தங்கை என்ற பொருளில் "நங்கி" என்பார், பிள்ளைகளுக்கு அவர் "நெந்தா", அதாவது அத்தை. பின்னேரம் எங்கள் குசினி வாசலில் பலகைக் கட்டையைப் போட்டு உட்கார்ந்து, வெறுந்தேநீரும் கருப்பட்டித் துண்டுமாக அந்த வாரக் கதையை அம்மா வாயால் கேட்பார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் அருகில் இல்லை; அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் காலையிலிருந்து வேலைகளை விரட்டினார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

நெந்தாவின் முறைப்பாடு வேறு மாதிரி. "நங்கி, இந்த ஆளுங்க சோறு திங்கிறது இல்லையா? காலையில இருந்து குதிரை, குதிரை. பசிக்காது நே?" என்று ஒருநாள் கேட்டார். அன்றிலிருந்து அம்மா எழுத்தாளருக்கு உதவியாகச் சமையல் செய்யத் தொடங்கினார். சேனாபதி ஆற்றைக் கடக்கும் முன் சோறும் பலாக்காய்க் கறியும் சாப்பிட்டான். இளவரசி தன் கையாலேயே தேங்காய்ச் சம்பல் இடித்தாள். சோழர் காலத்தில் மிளகாயே இந்தப் பக்கம் வரவில்லை என்று பெரியவளான பிறகு தெரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட பிழைகளைப் பிடித்து எழுத்தாளரைக் கிழிக்கும் வாசகர்கள் உண்டு, நானும் கிழித்திருக்கிறேன், ஆனால் அந்தச் சம்பலை மட்டும் ஒன்றும் சொல்ல மனம் வருவதில்லை.

வினை, கதை கப்பலேறியபோது வந்தது. ஒரு வாரம் திடுதிப்பென்று சேனாபதி கடல் கடந்து ஈழத்தில் இறங்கினான். அடுத்த வாரங்களில் தலைநகரம் எரிந்தது. அதை எழுத்தாளர் தீபாவளி வாணவேடிக்கை போல வர்ணித்திருந்தார். அப்பா தொடையைத் தட்டிப் படித்தார். அம்மா பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். எழுபத்தேழில் தமிழர்களை அடித்த கலவரத்தில் கையில் பிள்ளையோடு தேயிலைக்குள் ஒளிந்திருந்தவர் அவர். "இத எப்பிடிங்க அக்கேகிட்ட சொல்றது? நம்ம ஆளு வந்து அவங்க ஊரக் கொளுத்துறான்னா?" என்றார். "கததானே, சும்மா சொல்லு" என்றார் அப்பா. அம்மா சும்மா சொல்லவில்லை. வேறொரு தொடர்கதையிலிருந்து "சாவகம்" என்ற தேசத்தைக் கடன் வாங்கி, கப்பல்களை அங்கே திருப்பிவிட்டார். அக்கே முகம் கோணிவிட்டால் தனக்கென்று இருந்த ஒரே ஆளும் போய்விடும் என்ற பயம்தான். அதன் பிறகு கதை சொல்லும்போதெல்லாம் விகாரை, தாமரைக் குளம் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கி விழுங்கிச் சொன்னார்.

நெந்தா தேசத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் மடக்கிக் கேட்டது இளவரசியைப் பற்றித்தான். தோற்ற அரசனின் தங்கை, சிறையிருந்தபடியே சேனாபதியின் மேல் காதல் கொள்கிறாள் என்றதும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அனே, அது எப்பிடி? அண்ணனை வெட்டினது, ஊருக்கு நெருப்பு வெச்சது, அந்த ஆளு மேல எப்பிடி ஆசை வரும்? பொம்பளை எழுதினா இப்பிடி எழுதாது." அம்மா சிரித்துச் சமாளித்தார். எத்தனையோ விமர்சனங்களைப் படித்துவிட்டேன். இந்த வகை நாவல்களைப் பற்றி இதைவிடச் சரியான ஒரு வார்த்தையை நான் இன்னும் படிக்கவில்லை.

இளவரசியின் முடிவு தெரியும் முன் எண்பத்து மூன்று ஜூலைக் கலவரம் வந்துவிட்டது. பேராதனைப் பக்கம் புகை எழும்பிய காலையில் நெந்தா வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து, அப்பா, அம்மா, நான், தம்பி நால்வரையும் தன் வீட்டுப் பின்னறைக்குள் தள்ளினார். தேங்காயும் நெல் மூட்டையும் கிடந்த அந்த இருட்டில் இருந்தபடியே எங்கள் வீட்டு ஓடுகள் வெடிக்கும் சத்தத்தைக் கேட்டோம். தம்பி விசும்பத் தொடங்கினான். நெந்தா அவனை மடியில் இழுத்து வாயைப் பொத்தி, "நங்கி, கதையைச் சொல்லு. மெதுவா சொல்லு. பிள்ளை அழாது" என்றார்.

அம்மா வாயைத் திறந்தார். கதை நின்றிருந்த இடமோ எரிந்த நகரம். வெளியே புகை நாற்றம். அம்மாவால் முடியவில்லை. "அக்கே, அது சாவகம் இல்ல. இந்த நாடுதான். உங்க ஊரத்தான் எரிச்சாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்" என்று அழுதுவிட்டார். அப்பா பதறி அம்மாவின் கையைப் பிடித்தார். இந்த நேரத்திலா இதைச் சொல்வது என்று அவர் முகம் கேட்டது.

நெந்தா, "ஏன் மாத்தின?" என்றார்.

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயமா இருந்திச்சி."

"என்னைப் பார்த்தா பயம்? இத்தினி வருஷம் பக்கத்தில இருந்து, ஒரே கேத்தில்ல தேத்தண்ணி குடிச்சி, என்னைப் பார்த்தா பயம்?"

தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்க் கதவை வெளியிலிருந்து பூட்டினார். முன்வாசலில் ஆண்களின் குரல்கள் கேட்டன. அம்மா தம்பியின் வாயைத் தன் கையால் பொத்திக்கொண்டார். பிறகு நெந்தாவின் குரல் சிங்களத்தில் ஓங்கி ஒலித்தது: அவர்கள் நேற்றே போய்விட்டார்கள், இங்கே யாரும் இல்லை, போங்கள். குரல்கள் விலகிப் போயின. பொலிஸ் வண்டி வந்து எங்களை முகாமுக்கு ஏற்றும் வரையில் வேளை தவறாமல் சோறு வந்தது, தம்பிக்குப் பால் வந்தது. அம்மாவிடம் மட்டும் நெந்தா ஒரு வார்த்தை பேசவில்லை.

முகாமிலிருந்து நாவலப்பிட்டியில் அப்பாவின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டோம். பஸ் ஏறினால் கெலிஓயா அப்படியொன்றும் தூரமில்லை. போவோமா என்று கேட்டால் அம்மா, "எந்த மொகத்தோட போறது? உசுரக் காப்பாத்துனவங்கள நம்பலன்னு அவங்க மொகத்துக்கு நேராச் சொன்னவ நான்" என்பார். பிறகு யுத்தம், சோதனைச் சாவடி, அடையாள அட்டை என்று வருஷங்கள் போயின. சரித்திர நாவலை அம்மா அதன் பிறகு தொடவில்லை. அந்தக் கதை புத்தகமாக வந்து நான் வாங்கியபோதும் மட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். கடைசி அத்தியாயத்தில் இளவரசி சேனாபதிக்கு மாலை சூட்டுகிறாள். நெந்தாவின் கண்ணில் அது படாததே நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா இறந்து மூன்றாம் வருஷம், போன மாதம், நெந்தாவும் போய்விட்டார் என்று அறிந்து கெலிஓயா போனேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. வேலி இருந்த இடத்தில் மதில். நெந்தா பேசிய அந்தத் தமிழைப் பேச இப்போது அந்த ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. அவருடைய மகளும் நானும் சிங்களத்திலேயே பேசிக்கொண்டோம். சாவு வீட்டுக்குக் கட்டியிருந்த வெள்ளைக் கொடிகளுக்குக் கீழே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், தன் அம்மா பேரப்பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப ஒரு கதை சொல்வாள், உன் அம்மாவிடம் கேட்டது என்பாள், அது எந்தப் புத்தகம் என்று கேட்டாள். அந்தக் கதையில் இளவரசி யாரையும் கட்டிக்கொள்வதில்லையாம். காவற்காரனை ஏமாற்றிச் சாவியை எடுத்துக்கொண்டு எரிந்த நகரத்தை விட்டு நடந்து போய்விடுவாளாம். தன் சின்ன மகன் பட்டாளத்தில் இருந்து லீவில் வரும்போதுகூட அந்தக் கதையைக் கேட்பான் என்றாள்.

"எந்த நாட்டில் நடந்ததாகச் சொல்வார்?" என்று கேட்டேன்.

"என்னவோ சாவகம் என்பாள். கடலுக்கு அப்பால் எங்கேயோ இருக்கிறதாம். இந்த நாட்டுக் கதையா என்று சின்னவன் ஒருமுறை கேட்டான். இல்லவே இல்லை என்று சத்தம் போட்டுவிட்டாள்."

நெந்தா உண்மை தெரிந்தவர். பட்டாள உடுப்போடு உட்கார்ந்திருந்த பேரனுக்குக்கூட அந்தச் சோழக் கப்பல்களை இந்தக் கரையில் இறக்கிக் காட்டவில்லை. அம்மா ஏன் பயந்தார் என்பதை அவர் எந்த வருஷத்தில் விளங்கிக்கொண்டாரோ தெரியாது. இதைக் கேட்க அம்மா இருந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருப்பேன்.