இசைவாணி காட்டிய முதல் மனை

கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வேலையை விட்டு மனை புரோக்கராக இறங்கிய இசைவாணி, முதன்முதலாக ஒரு தம்பதியை வடக்கனந்தலுக்கு அழைத்துப் போனாள்.

"பேசறதுக்கு ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்றார் கணவர்.

"நான்தாங்க புரோக்கர். என்னாண்டயே கேளுங்க."

"தண்ணி எப்படி இருக்கும்?" என்று மனைவி கேட்டாள்.

இசைவாணிக்குத் தெரியாது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. "தெரியலீங்க, விசாரிச்சிடலாம்" என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டம்மா போர்த் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்தாள். ஒரு மடக்கு குடித்த கணவர் முகம் சுளித்தார். ஒரே உப்பு. மனை வேண்டாமென்று ஆகிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் இசைவாணி வாடிப்போய் உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது கணவரே அவளிடம் வந்தார்.

"வேற எடம் இருந்தா கூப்புடும்மா. தண்ணிய மட்டும் நீ மொதல்ல குடிச்சிப் பாத்துடு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.