அப்பா இல்லாத பரலோகம்

அம்மா பரலோகத்துக்குப் போவாள் என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வெள்ளைச் சேலை, பொட்டில்லாத நெற்றி, குண்டுமணித் தங்கம் இல்லாத உடம்பு. சின்ன வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள், சபை சொன்னபடி கம்மலையும் தாலியையும் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் வாங்கி பீரோவில் வைத்தார். அன்று முதல் அம்மாவின் சத்தமான ஜெபம் ஒரே வரியில்தான் முடியும்: "என்னையும் என் வீட்டாரையும் உம்மிடத்தில் சேர்த்துக்கொள்ளும்."

அப்பா போலீஸ்காரர். சாமி கும்பிடுவதிலும் அக்கறை இல்லை, கும்பிடுகிறவர்களோடு சண்டையும் இல்லை. சீசன் முழுக்க ஐந்தருவியில் குளிக்க வரும் கூட்டத்தை வரிசையில் நிறுத்திக் கத்தி, தொண்டை கட்டித்தான் தென்காசிக்குத் திரும்புவார். பரலோகத்தின் வாசல் இடுக்கமானது, பரிசுத்தம் இல்லாமல் ஒருத்தரும் உள்ளே போக முடியாது என்று அம்மா ஆரம்பித்தால், "அப்ப அங்கன கூட்டமே இருக்காதுன்னு சொல்லு. எனக்கு அங்கயே டூட்டி போடச் சொல்லு, வாரேன்" என்பார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணை மூடி ஜெபிப்பாள்.

அவர் வயிற்றில் கட்டி வந்து, இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. அம்மா உபவாசம் இருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே முழங்கால் போட்டுக் கிடந்தாள். அவர் சாகப்போவதைக்கூட அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். ஞானஸ்நானம் எடுக்காமல் போனால் அங்கே அவரைப் பார்க்கவே முடியாதே என்பதுதான் அவளை அரித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. சாகிற மனுஷனை நிம்மதியாகச் சாக விடக்கூடாதா?

கடைசியில் அப்பாவே சொன்னார். "அழாத. பாஸ்டர வரச் சொல்லு. முங்கிருதேன்."

மறுநாள் பாஸ்டர் வந்தார். நல்ல மனிதர், கையில் இளநீரோடு வந்தார். நாற்காலியோடு தூக்கிப்போய் சபைத் தொட்டியில் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"அண்ணாச்சி, இயேசு உங்க பாவத்துக்காக மரிச்சாருன்னு மனசார விசுவாசிக்கீங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "இல்ல பாஸ்டர். பொய் சொல்ல வரல. இவ போற எடத்துக்கு நானும் போவணும், அவ்வளவுதான்."

பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "அது பத்தாது அண்ணாச்சி. விசுவாசம் இல்லாம முங்குனா அது வெறும் குளியல்தான்."

அவர் ஜெபித்துவிட்டுக் கிளம்பியபோது வாசலில் மறித்துச் சண்டை போட்டேன். "எங்கப்பா உண்மையத்தான சொன்னாரு?"

"உண்மையச் சொன்னதாலதாம்மா என்னால முடியல."

உள்ளே அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லக்கூடாதா?" என்று அழுதுகொண்டிருந்தாள். பொய்யருக்கும் அங்கே இடமில்லை என்று எனக்குச் சொல்லி வளர்த்தவள் அவள்தான். அப்பா மெதுவாக, "சொல்லிருக்கலாம்" என்றார்.

அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். தாலி அறுக்கும் சடங்குக்காக அப்பா வீட்டுப் பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கழுத்தில் கழற்ற ஒன்றும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பரலோகத்தில் கண்ணீரே கிடையாது என்று பாஸ்டர் ஆறுதலாகப் பிரசங்கித்தாராம். வீட்டுக்கு வந்த அம்மா சாரலில் நனைந்த சேலையைக்கூட மாற்றாமல் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, அங்கன போனா அழவே மாட்டோமாம்."

"நல்லதுதானம்மா."

"அவிய இல்லாத எடத்துல நான் எப்படி அழாம இருப்பேன்? அப்ப அவியள மறந்திருவேன்னுதான அர்த்தம்?"

மாற்றுச் சேலையை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன்.

அம்மா இப்போதும் ஒரு ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறாள். வெள்ளைச் சேலைதான். விடியும் முன்பே எழுந்து சத்தமாக ஜெபிக்கிறாள். எனக்காக, என் பிள்ளைகளுக்காக, பாஸ்டருக்காக எல்லாம் கேட்கிறாள். சேர்த்துக்கொள்ளும் என்ற அந்தக் கடைசி வரியை மட்டும் இப்போது சொல்வதில்லை.