சோற்றோடு படைத்த தாளி

விரிசடையில் கங்கையைத் தாங்கிய பெருமானே, ஏழையேன் சொல்லையும் தாங்கியருள்க.

மார்கழித் திருவாதிரை நன்னாளில், பூதப்பாண்டியிலிருந்து காவிரிக்கரை அன்பர்களுக்கு எழுதுவது.

இந்நாட்டார் காலையில் குளித்திருந்தாலும், அந்தியில் வயல்விட்டு வந்ததும் மீண்டும் ஆற்றில் இறங்குகிறார்கள். அவர்கள் கையில் நம் சீயக்காய்த் தூள் இராது. ஒரு பிடி செம்பருத்தி இலையே இருக்கும். அதைக் கல்லில் கசக்கி வழுவழுப்பான பச்சைக் குழம்பாக்கித் தலைக்குத் தேய்க்கிறார்கள். அதன் பெயர் தாளி. உழுது களைத்த உடலையும் இத்தனை மதித்துப் பேணுவோரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மகனுடைய உத்தியோகத்தின் பொருட்டு ஆரல்வாய்மொழிக் கணவாய் கடந்து நாங்கள் வந்த ஆண்டே, என் மனைவி விஷக்காய்ச்சலில் விழுந்தாள். உயிர் தங்கிற்று, கூந்தல் கொத்துக்கொத்தாய் உதிர்ந்தது. மகன் வாங்கிவந்த வாசனைச் சோப்பை, விலங்குக் கொழுப்புச் சேர்ந்த பண்டமென்று அவள் தீண்டவில்லை. முக்காடிட்டு உள்ளறையில் கிடந்தாள். "என்னை ஊருக்கே கொண்டுபோய் விட்டுடுங்க. இந்தத் தலையோட இங்க யார் முகத்திலயும் முழிக்க மாட்டேன்" என்பதே நாள்தோறும் பேச்சு.

ஒருநாள் அடுத்த வீட்டுச் செல்லம்மை, "அண்ணாச்சி, இது மைனிக்கு" என்று, என் மனைவிக்காக வாழையிலைத் துண்டில் பச்சையாய் எதையோ வைத்துப் போனார். தாளியை நான் அதுவரை அறியேன். நோயாளிக்கு வந்த துவையல் என்றெண்ணினேன். இறைவனுக்குக் காட்டாத எதையும் உண்ணாத வீடு எங்களுடையது. சோற்றோடு சேர்த்துப் படைத்து, கர்ப்பூரமும் ஏற்றினேன். அவ்வேளை செல்லம்மை திரும்பி வந்தார்.

"அய்யோ அண்ணாச்சி, தாளியையா சாமிக்குப் படைச்சிய?"

"தொட்டுக்கொள்ளத் தந்தீர்கள் என்றல்லவா..."

"தலையில தேய்க்கதுக்குல்லா தந்தேன்! சரி, போட்டும். அவருக்கும் தலை கொள்ளாமச் சடையில்லா கெடக்கு. மொதல்ல அவரு தேய்க்கட்டு, மிச்சம் மைனிக்கு."

உள்ளறையில் சிரிப்பொலி எழுந்தது. காய்ச்சலுக்குப்பின் நான் கேட்ட முதற்சிரிப்பு. முக்காடு நழுவியதையும் மறந்து வாயிலில் வந்து நின்றாள் என் மனைவி. "பிரசாதந்தானே, கொண்டாங்க" என்றாள்.

செல்லம்மை அவளைக் கிணற்றடியில் அமர்த்தித் தம் கையாலேயே தேய்த்துவிட்டார். உதிர்ந்த மயிர் விரல்களில் சுற்றியபோதும் முகஞ்சுளிக்கவில்லை. இரத்தத் தொடர்பில்லாத ஒருவரிடம் இப்பரிவைக் கண்டபோது, கைகூப்புவதன்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது மனைவி கோயிலுக்கு வருகிறாள். ஊருக்குப் போகும் பேச்சை விட்டுவிடவில்லை, புறப்படும் நாளைத்தான் தள்ளிப்போடுகிறாள். அவள் கொண்டையில், உதிராது எஞ்சிய நீண்ட மயிர் காவிரி நீரில் வளர்ந்தது. புதிதாய் முளைத்த குறுமயிர் இம்மண்ணின் நீரில் வளர்ந்தது. எவ்வளவு வாரினாலும் இரண்டும் ஒரே முடிச்சுக்குள் அடங்குவதில்லை.

இதை வாசிப்போர் எம்மண்ணில் இருப்பினும், பிணியின்றிச் சிவனருளால் நீடு வாழ்க.