டேப் ஒட்டிப் பிடுங்கிய தோல்

2019 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. வானம் மூடிக் கிடந்தது; மழையும் இல்லை, காற்றும் இல்லை. ஆம்பூரில் நான் தரம் பார்த்துக்கொண்டிருந்த தோல் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து மூன்று தோல்கள் திரும்பி வந்தன. கூட வந்த சீட்டில் ஒரே வினைச்சொல்: ‘ஹகெரு’. அங்கே ஜப்பானிய மொழி படித்தவன் நான் ஒருவன்தான். மேற்பரப்பு மங்குவதற்கும் உரிந்து வருவதற்கும் அந்தச் சொல்லே என்றது அகராதி. மங்குவது என்று எடுத்துக்கொண்டேன். ஈரத்துணியால் இருபது தடவை தேய்த்தேன். துணியில் லேசாகப் பழுப்பு ஏறியது. சாயத்தில் கோளாறு என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்தேன்.

பதினெட்டு வருடமாகச் சாய டிரம்மைப் பார்த்துவந்தவரை மதியத்துக்குள் வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

மூன்றேகாலுக்கு அவர் என் அறைக்கு வந்தார். முதல் அடி வாயில் விழுந்தது, இரண்டாவது காதில். நாற்காலியோடு சாய்ந்தேன். சட்டையைப் பிடித்துத் தூக்கி, முகத்தை மேசையோடு அழுத்தினார். என் மூக்குக்கு நான்கு அங்குலத்தில் இருந்த தோலில் பார்சல் டேப்பை ஒட்டி, கட்டைவிரலால் தேய்த்து, வெடுக்கென்று பிடுங்கினார். ஸ்பிரே பிரிவில் அடித்த மேல்பூச்சு டேப்போடு வந்துவிட்டது. அடியில் அவருடைய சாயம் அப்படியே இருந்தது.

“இன்னா சார், டேப் ஒட்டிப் பாத்தியா? ஈரத்துணியில தேச்சா எந்தத் தோலும்தான் சாயம் வுடும். என் சோத்துல மண்ணப் போட்டுட்டியே.”

இன்னொரு துண்டை என் முன்கையில் ஒட்டி இழுத்தார். என் வயதான தோல், இரண்டு அங்குலம் உரிந்து வந்தது. அந்த வினைச்சொல் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

காவலாளிகள் இருவர் ஓடிவந்து அவரைத் தரையில் தள்ளித் தடியால் அடித்தார்கள். ஒன்பது அடி. ஒன்பதாவதில் அவருடைய இடது கை எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. தடியின் முதல் அடியிலேயே, அவர் சொன்னது சரி என்று நான் சொல்லியிருக்கலாம். என் வாயில் ரத்தம் இருந்தது என்பதெல்லாம் சாக்கு.

பிறகு முதலாளியிடம் டேப்பைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தப்பு ஸ்பிரேலதான், ஒத்துக்கறேன். ஆனா கை நீட்டுனவன உள்ள வுட முடியாது சார்.”

போலீசில் நான் புகார் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவருக்கு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்தது. அதுவரை அவருடைய மாதச் சம்பளம் பதினாலாயிரத்தை என் கையிலிருந்து அவர் மனைவியிடம் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு தடவையும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பளம் 42,000, வேலூரில் அவர் கைக்குப் போட்ட கட்டு 6,850, என் முன்கைக்கு மருந்து 85. மொத்தம் ரூபாய் 48,935.