நாற்பது ஜோடிக் கண்கள்

காலை ஒன்பது மணி இருபது நிமிடம். அக்காவின் பட்டறைக் கதவைத் தள்ளியதும் முதலில் பார்த்தது கண்களை. நீளமான மேசைமேல் நாற்பது பீங்கான் பொம்மைகள் வரிசையாக நின்றன. உள்ளங்கை உயரம், நீல அங்கி, இடுப்பில் வெள்ளி நிற வாள். நாற்பதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. மை தீட்டி, ஓரத்தைக் காதுப்பக்கம் இழுத்துவிட்ட கண்கள். கொலுவில் அம்மனுக்கு வைப்பார்களே, அதே கண்கள்.

"எப்படிடா இருக்குது?" என்றாள் அக்கா.

"லட்சணமா இருக்குது."

அது உண்மை. சரியாக இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதைச் சொல்லும் தகுதி அந்தத் தகரக் கூரையின் கீழ் யாருக்கும் இல்லை.

அக்கா பல வருஷம் கொழுந்தனோடு, அதாவது மாமாவின் தம்பியோடு, சேர்ந்து ஒரே பட்டறையை நடத்தினாள். போன பங்குனியில்தான் பிரிந்துவந்து, எங்கள் ஊர்ப் பீங்கான் பேட்டையின் கடைசி வரிசையில் இந்த இடத்தை வாடகைக்கு எடுத்தாள். பிரியும் அன்று கொழுந்தன் வாசலில் நின்று, "புள்ளையாரும் செட்டியார் பொம்மையும் யாரு வேணா போடலாம் அண்ணி. புதுசா ஒண்ணு கேட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று சிரித்தார். அக்கா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத கேள்விகளை மறப்பதும் இல்லை.

அவள் பேருக்கு வந்த முதல் ஆர்டரே புதுசாக ஒன்றைக் கேட்டுத்தான் வந்தது. நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்து ஓர் அம்மா. மகளுக்குப் பிறந்தநாள். வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப, மகளுக்குப் பிடித்த படத்தின் நாயகனைச் சின்னப் பொம்மையாகச் செய்துதர வேண்டும். ஒரு போஸ்டரைப் போனில் அனுப்பி, "நடுவுல நிக்கிறவரு" என்று மட்டும் எழுதியிருந்தார். பிறந்தநாள் நாளை சாயங்காலம். பொம்மையை எடுக்க இன்று பதினோரு மணிக்கு வருகிறார். பிடித்தால் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்வார். பிடிக்காவிட்டால் பீங்கான் பேட்டை முழுக்கக் கொழுந்தன் சொல்வார்.

அந்தப் படவரிசையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்பது பாகங்கள் வந்துவிட்டன. செய்தித்தாளில் துணையாசிரியனாக இருந்த காலத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் 'வசூல் வேட்டை', 'விடிய விடிய ரசிகர் கூட்டம்' என்று நானே தலைப்பு வைத்திருக்கிறேன். ஒரு பாகத்தையும் பார்த்ததில்லை. தலைப்பு வைக்க அது தேவைப்படவில்லை.

போஸ்டர் வந்த அன்று மூன்று பேர் அந்தப் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். நான், அக்கா, பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் பெரியம்மா. உறவில்லை, வயதுக்காக அப்படிக் கூப்பிடுகிறோம். கருவேப்பிலங்குறிச்சியில் இருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர்.

"மூஞ்சியே காணுமே" என்றார் பெரியம்மா.

நடுவில் நின்றவரின் முகம் முழுக்க முட்டை ஓடு மாதிரி வழவழவென்று ஒரு வெள்ளை மூடி. கண்ணுக்கு ஓட்டை இல்லை, மூக்குக்கு மேடு இல்லை.

"நீ பேப்பர்ல இருந்தவன்தானே, சொல்லுடா. யாரு இவரு?" என்றாள் அக்கா.

"நல்லவரு" என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

"நல்லவரு மூஞ்சிய ஏன் மூடிக்கிறாரு?" என்றார் பெரியம்மா. "ஒருவேள போட்டோல வெளிச்சம் அடிச்சிருக்கும். என் தங்கச்சி கல்யாண போட்டோல மாப்ளைக்கு இப்படித்தான் மூஞ்சே வுழல."

எங்கள் பக்கத்திலேயும் கல்யாண போட்டோக்கள் அப்படித்தான். அதனால் ஒப்புக்கொண்டோம்.

அதோடு பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பொம்மைக்குக் கடைசியாகத்தான் கண் வைப்பார்கள். கண் வைத்தால்தான் பொம்மை முடிந்ததாகக் கணக்கு. கண் இல்லாதது மேசையைத் தாண்டாது. வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பதும் கண்ணைத்தான். ஒன்றரைக் கண்ணாக இருந்தால் பிள்ளையாரையே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "மாட்டுத்தொழுவத்துல படுத்திருக்கிற கொழந்த ஏசுவுக்கே நான் கண்ணு வெச்சுத்தான் அனுப்புறேன்" என்றார் பெரியம்மா. "இவரு என்ன பெரிய இவரு?"

இப்படித்தான் நாற்பது பேருக்கும் கண் திறந்தது.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. நெய்வேலி அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். ஒரு பொம்மையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க. கண்ணு அப்படியே பேசுது."

அக்கா மூச்சு விட்டாள்.

"நீங்க அந்தப் படமெல்லாம் பாப்பீங்களா?" என்று கேட்டேன். விசாரிக்கிற பழக்கம் விடவில்லை.

"எங்கங்க, டிவில அது ஓடுறப்போதான் நான் சமைக்கிறது. டமால் டுமீல்னு கேக்கும். அதுக்குள்ள குக்கர் விசில் எண்றதே பெரிய பாடு." பிறகு வாசலைப் பார்த்து, "பாப்பா, வந்து பாரு. வந்துட்டாரு உன் ஆளு" என்றார்.

காரில் இருந்து ஒரு சிறுமி இறங்கி வந்தாள். மேசை அவள் மோவாய் உயரம் இருந்தது. முதல் வரிசையைப் பார்த்தாள். இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். பொம்மைகளும் அவளைப் பார்த்தன.

"அம்மா, இது யாரு?"

அந்தப் படத்தை முழுக்க அறிந்த ஒரே ஆளுக்குத்தான் அதன் நாயகனை அடையாளம் தெரியவில்லை.

"உன் ஹீரோடி."

"அவருக்கு மூஞ்சி கெடையாதும்மா."

"மூஞ்சி இல்லாம ஒரு மனுஷன் எப்படிடி இருப்பாரு?"

"மூடியிருப்பாரு. ஒம்போது படத்துலயும் யாருக்கும் காட்டல. அவங்கம்மாவுக்கே காட்டல."

"அவங்கம்மாவுக்கேவா?" என்றார் பெரியம்மா. படத்தின் மேல் அவருக்கு அக்கறை வந்தது அப்போதுதான்.

"கண்ணு இல்லாம எப்படிப் பாப்பாரு?" என்றாள் அக்கா, மெதுவாக.

"பாக்க மாட்டாரு. அவருக்குத் தெரியும்." சொல்லும்போதே சிறுமியின் உதடு கோணியது. "இத குடுத்தா எல்லாரும் சிரிப்பாங்க. நான் குடுக்க மாட்டேன்."

நெய்வேலி அம்மா கையில் இருந்த பொம்மையை மேசையில் வைத்தார். அக்கா அதை எடுத்து வரிசையில் நேராக நிறுத்தினாள். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"அழிச்சுடலாங்க" என்றாள். "ஒரு மணி நேரம் குடுங்க."

முகத்துக்கு வண்ணம் பூசவில்லை. சூளையில் ஏறிய வெள்ளை மெருகை அப்படியே விட்டிருந்தார்கள். அதன் மேல் எனாமல் பெயிண்டில் வரைந்த கண் என்பதால் தின்னர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். வேலை கடினமில்லை. செய்ய வேண்டிய ஆள்தான் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பெரியம்மா" என்றாள் அக்கா.

"வெச்ச கண்ண நான் புடுங்க மாட்டேம்மா. வேற எது வேணா சொல்லு. வாளு வேணுமா, இன்னொண்ணு போடுறேன்."

"பொம்மதானே பெரியம்மா."

"பொம்மதான். அதுக்காக?"

பிறகு அவர் திரும்பாமலேயே, "தம்பிய செய்யச் சொல்லு. பேப்பர்ல அடிச்சு அடிச்சுத்தானே சம்பாரிச்சாரு" என்றார்.

அப்படியாக நான் துடைக்க உட்கார்ந்தேன். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடுத்தவர் எழுதியதை அடிக்கும்போது நான் ஒருநாளும் தயங்கியதில்லை. இங்கே முதல் பொம்மையை வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் துடைத்தேன். ஐந்தாவதில் சரியாகிவிட்டது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த நெய்வேலி அம்மாவும் புடவையைச் செருகிக்கொண்டு வந்து பஞ்சு கேட்டார். சிறுமி ஒவ்வொன்றையும் வாங்கித் திருப்பிப் பார்த்து, "இங்க கொஞ்சம் கருப்பு" என்று திருப்பித் தந்தாள். என் பத்திரிகை ஆசிரியர்கூட அவ்வளவு கறாராகப் பார்த்ததில்லை.

நடுவில் நான் ஒரு தப்பு செய்தேன். ஒரு பொம்மையின் இடது கண்ணை மட்டும் துடைத்துவிட்டு, தெரியாமல் முடிந்தவற்றோடு வைத்துவிட்டேன். அதை எடுத்த சிறுமி திருப்பித் தரவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"குடும்மா, அது சரியில்ல" என்றேன்.

"இது அவரு தம்பி" என்றாள். "ஏழாம் பாகத்துல வருவாரு. ஒத்தக்கண்ணு. கெட்டவரு." பிறகு அக்காவிடம் போய், "ஆன்ட்டி, இதையும் செய்வீங்கன்னு சொல்லவே இல்லயே" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பஞ்சைப் பார்த்தேன்.

"செய்வோம் கண்ணு" என்றாள் அக்கா. "அண்ணனுக்கு ஒரு தம்பி இருக்கத்தானே செய்வாரு. எங்க வூட்லயும் இருக்காரு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் முதுகு குலுங்கியது. நாற்காலி திரும்பியது. அந்த ஒற்றைக்கண்ணனை வாங்கி, மிச்சமிருந்த கண்ணுக்கு மேலே புருவத்தைக் கொஞ்சம் நெரித்துக் கொடுத்தார். "கெட்டவருன்னா மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அட்டைப்பெட்டிகள் காரில் ஏறின. ஒற்றைக்கண்ணன் பெட்டியில் ஏறவில்லை. சிறுமி மடியில் வைத்துக்கொண்டாள். "போயிட்டு வரோங்க" என்றார் நெய்வேலி அம்மா. குவார்ட்டர்ஸில் சொல்கிறேன் என்றோ, சொல்லமாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. தின்னர் பட்ட விரல்களை முகர்ந்து பார்த்தபடி காரில் ஏறினார். அக்கா தெருமுனை வரை காரைப் பார்த்துவிட்டு, மேசையைத் துடைத்தாள்.

புரட்டாசியில் அந்த அம்மா குவார்ட்டர்ஸ் பெண்கள் மூன்று பேரோடு கொலுவுக்குப் பொம்மை எடுக்க வந்தார். செட்டியாரையும் செட்டிச்சியையும் கையில் எடுத்து, இரண்டு பேருக்கும் கண் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை கேட்டார்.