மூத்த சகலை கட்டிய கேபிள்

சிவசங்கரன் என்ற பெயரைப் பத்மா முதன்முதலில் கேட்டது ஷார்ஜாவில், ஒரு டெலிபோன் பூத்துக்குள். தொண்ணூற்றெட்டாம் வருசம். ஊரிலிருந்து சித்தப்பா இரைந்தார்: "நம்ம நீலாவுக்கு மாப்பிள்ளை முடிவாயிருச்சுத்தா! பேரு சிவசங்கரன். கல்லல் மீனாட்சி இருக்காள்ல, அவ நாத்தனா மகன். சவுதியில..." அதோடு கார்டு தீர்ந்து பேச்சு அறுந்துவிட்டது. சவுதியில் என்ன செய்கிறான் என்று தெரிய அடுத்த வெள்ளிக்கிழமை ஆயிற்று. அல் கோபாரில் அமெரிக்க வண்டிகளின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டுகிறவனாம்.

பத்மாவின் வீட்டுக்காரர் சோலையப்பனுக்கும் அதே தொழில்தான். ஷார்ஜா சனாயியாவில், பட்டறையும் பழைய இரும்புக் கடையுமாய்க் கிடக்கிற அந்தப் பக்கத்தில், ஒரே அர்பாபிடம், அதாவது அரபு முதலாளியிடம், இருபது வருசமாக ஃபோர்மேன். முதலாளி கொடுத்த பதவிப் பெயர் எதுவாயினும் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'.

சவுதிப் பட்டறையை மூடியதும் சிவசங்கரன் ஊருக்குத் திரும்பிச் சும்மா இருந்தான். நீலா போனில் அழுதாள். சித்தப்பா மகள் என்றாலும் பத்மா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. பத்மா வீட்டுக்காரரைக் குடைய ஆரம்பித்தாள்.

"சகலையும் சகலையும் ஒரே பட்டறையிலயா? ஒரு உறையில ரெண்டு கத்தி போடச் சொல்றியா?" என்றார் அவர்.

"ஒங்க கூடப்பொறந்த தம்பின்னா இப்புடிச் சொல்லுவீகளா?"

அந்த ஒரு கேள்விக்கு அவர் விசா எடுத்தார். இரண்டாயிரத்து நாலில் சிவசங்கரன் வந்து இறங்கினான். அதிகம் பேசாத ஆள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு பத்மா வீட்டில்தான். கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசை வைப்பான். பத்மாவின் மகள் சந்தியா விடமாட்டாள். "சித்தப்பா, கருவேப்பிலை என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது வாசத்துக்கு வந்த விருந்தாளித்தா. விருந்தாளியத் திங்கலாமா?"

மறு ஜனவரியில் அந்தப் பெரிய பிக்கப் பட்டறைக்கு வந்தது. அர்பாபின் தாய்மாமனுடையது. எண்பத்து மூன்றாம் வருசத்து அமெரிக்க வண்டி. பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு அவர் தம் ஒட்டகங்களைப் பந்தயத்துக்கு இழுத்துப் போவார். உள்ளே இருந்தது மூன்றே கியர் உள்ள பாக்ஸ். அல் அய்ன் சாலையில் வேகமெடுத்தால் என்ஜின் தொண்டை கிழியக் கத்தும். அதைக் கழற்றிவிட்டு, நாலாவதாக ஓவர்டிரைவ் உள்ள பாக்ஸைப் போட்டால் அதே வேகத்துக்கு என்ஜின் நிதானமாய்ச் சுற்றும். கிழவருக்கு அது வேண்டும்.

இரும்புக் கடையில் ஒரு நல்ல பாக்ஸ் கிடைத்தது. பழையதைவிட நீளம். அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தைப் பின்னே தள்ளிப் போட்டார்கள். பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டை அறுத்துக் குட்டையாக்கினார்கள். ஒரு வாரம் இரண்டு சகலைகளும் வண்டிக்கடியில் தோளோடு தோளாகக் கிடந்தார்கள். மிச்சம் ஒரே ஒரு கேபிள். கார்புரேட்டரிலிருந்து பாக்ஸுக்குப் போவது.

வியாழக்கிழமை சோலையப்பன் சாப்பிடக்கூட வீட்டுக்கு வரவில்லை. பத்மா கேரியரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அவள் வாசலில் நின்றபோதுதான் அந்தப் பேச்சு நடந்தது. சிவசங்கரன் சொல்லிக்கொண்டிருந்தான்:

"அண்ணே, பழைய பாக்ஸுக்கு ஒரு கரண்டு வயருதான். அறுந்தாலும் வண்டி ஓடும். இது அப்படியில்ல. உள்ள ஆயில் பிரஷரே இந்தக் கேபிளோட இழுப்புலதான் இருக்கு. கொஞ்சம் தொய்வா இருந்தாலும் கிளட்ச் கருகிப்போகும். கார்புரேட்டர்ல மாட்டுறதுக்கு வேற துண்டு வேணும். சனிக்கிழமை தேடி எடுத்துருவோம்ணே."

"நாளைக்கிக் காலைல ரேஸு. அதுவரைக்கும் கெழவரு ஒட்டகத்தத் தோள்ல தூக்கிட்டா போவாரு?" என்று சோலையப்பன் தகரத்தை வளைத்து ஒரு பிடி செய்து, கேபிளை அதில் கட்டினார்.

"நான் அல் கோபார்ல பாத்தேண்ணே. இதுலயே மூணு பாக்ஸு போயிருச்சு."

"சகலை, நீ பொண்ணு பாக்கப் போறதுக்கு முந்தியே நான் நூறு பாக்ஸு எறக்குனவன். பந்தியில உக்காருறப்ப எலை எனக்கு விழுந்தப்பறந்தான் ஒனக்கு. ஞாபகம் வச்சுக்க!"

பட்டறையே சிரித்தது. பத்மாவும் சிரித்தாள். சிவசங்கரன் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் போட்டான். மூத்த சகலை கட்டிய கேபிளை இளைய சகலை எப்படி அவிழ்ப்பான்?

மறுநாள் பாதி வழியில் வண்டி புகைந்து நின்றது. நாலாவது கியர் போய், மூன்றாவதும் போய், கடைசியில் எதிலுமே நகரவில்லை. ஒரு வருசமாய்ப் பழக்கிய பெண் ஒட்டகம் டிரெய்லருக்குள் நின்றபடியே இருக்க, பந்தயம் முடிந்துபோயிற்று.

சாயங்காலம் சோலையப்பன் கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "என் கைதான் பத்மா. அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். நாளைக்கி அர்பாப்கிட்டச் சொல்லிர்றேன்."

சந்தியாவுக்குப் பத்தாவது பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. பத்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நீங்களா வாயத் தொறக்காதீக. நம்ம விசா போனா மூணு பேரும்ல பெட்டியக் கட்டணும்? தம்பி ஒத்த ஆளு. எங்கயும் பொழச்சுக்குவாரு."

சனிக்கிழமை அர்பாப் கேட்டார், யார் கை என்று. சோலையப்பன் தரையைப் பார்த்தார். சிவசங்கரன் சோலையப்பனைப் பார்த்தான். மூத்தவர் சொல்வார் என்று காத்திருந்தான். புது ஆள்தான் என்று அர்பாபே முடிவு கட்டி, "கலாஸ்" என்று அவன் வேலை முடிந்ததாகக் கையை உதறினார்.

அன்று சாயங்காலம் சிவசங்கரன் பத்மா வீட்டு வாசலில் வந்து நின்றான். "அண்ணி, அன்னைக்கி நீங்க அங்கதான நின்னீக. நான் சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சுல்ல?"

அர்பாபின் மனைவிக்குப் பத்மாவைத் தெரியும். பெருநாள் தவறாமல் பத்மா வீட்டுக்குப் பிரியாணி அனுப்புகிற பழக்கம். பத்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீடு கேட்டிருக்கும்.

"வண்டி விசயம் எனக்கென்ன தெரியும் தம்பி? கை கழுவிட்டு வாங்க, சாப்புடலாம்."

"பசிக்கல அண்ணி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

பத்து நாளில் விசாவை ரத்துச் செய்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வருசத்துக்கு இந்த நாட்டுக்குள் வேலைக்கு வரக்கூடாது என்று தடையும் போட்டார்கள். தடை உண்டென்று பத்மாவுக்கு அதற்கு முன் தெரியாது. தெரிந்திருந்தால் பேசியிருப்போமா என்று தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். நல்ல பதில் வந்ததில்லை.

சந்தியா பரீட்சையில் நன்றாகத் தேறினாள். இரண்டு வருசம் கழித்துச் சோலையப்பன் மனசு பொறுக்காமல் அர்பாபிடம் போய் உண்மையைச் சொன்னார். "வண்டியையே விற்றாயிற்று, இப்போது எதற்கு இது?" என்று கேட்டாராம் அர்பாப். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் இவர் அன்று சோறாவது தின்றிருப்பார்.

சித்தப்பா செத்த வீட்டில் நீலா பத்மாவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். 'அக்கா' என்று கூப்பிடவில்லை.

சிவசங்கரன் மறுபடி கடல் தாண்டவில்லை. இப்போது நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறான். நீலாவும் இரண்டு பிள்ளைகளும் அவனோடு அங்கேதான் இருக்கிறார்கள்.